மிசினுக்கு ஏது ஞாயிற்றுக்கிழமை?

பாளையங்கோட்டையில் மனுசக் கை பட்ட எதையும் நம்பாத ஒரே மனிதர் எங்கள் தெரு ‘மிசின்’ அண்ணாச்சிதான். சவரத்துக்கு மிசின், சப்பாத்திக்கு மிசின், முதுகு சொறியக்கூட பேட்டரி போட்ட மிசின். அல்வாக் கடையில் போய், “கையால கிண்டுனதா, மிசின்ல கிண்டுனதா?” என்று விசாரிப்பார். கை என்றால் திரும்பி வந்துவிடுவார். திருநெல்வேலிக்காரன் செய்கிற காரியமா இது!

அவர் மனைவி, எங்களுக்கு மதினி, கையால் அரைத்து வைக்கிற தேங்காய்ப்பால் சொதியை மட்டும் மூன்று தடவை வாங்கிச் சாப்பிடுவார். கேட்டால், “அது வேற வே” என்பார்.

பித்தப்பையில் கல் என்று தெரிந்ததும் மனுசன் துள்ளிக் குதித்தார். “ஏலே, ரோபோ வச்சு எடுக்காங்களாம்லே! நம்ம தெருவுல மொத ஆளு நாந்தான்!” நோயாளி மாதிரியே இல்லை, புது மாப்பிள்ளை மாதிரி திரிந்தார்.

ஆபரேசனுக்கு நாளும் குறித்தாயிற்று. கல் அதுவரை பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வலியும் காய்ச்சலுமாகத் துடித்தவரை, மதினியும் நானும் ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினோம்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டரம்மா, பித்தப்பை சீழ் பிடித்துவிட்டது, இன்றைக்கே எடுத்தாக வேண்டும் என்றார். “ரோபோ வேண்டாம்யா. நான் கையாலயே செய்யுதேன்.”

அந்த வலியிலும் அண்ணாச்சி எழுந்து உட்கார்ந்தார். “ஏம்மா, மிசினுக்கு ஏது ஞாயித்துக்கெழம?”

“மிசினுக்கு இல்லய்யா, அதோட பழகுன நர்சுக்கும் டெக்னீசியனுக்கும் இருக்கு. நடுவுல ரத்தம் பீறிட்டா, அத சட்டுனு கழட்டி நகத்திட்டு நான் வயித்தத் தொறக்கணும். பழகுன ஆளுக நின்னா நடுராத்திரியிலயும் தைரியமா செய்வேன். இன்னைக்கு அவங்க இல்ல.”

“அப்ப நாளைக்குச் செய்வோம்.”

“நாளைக்கு வரைக்கும் தாங்காதுய்யா.”

தாங்கும் என்றார் அண்ணாச்சி. மதினி அழுதார். நான் கும்பிட்டுப் பார்த்தேன், பிறகு கத்தினேன். “கிறுக்கா பிடிச்சிருக்கு ஒமக்கு?”

“பைய பேசுலே. மனுசக் கைன்னா நடுங்கும்.”

தெளிவாக இருக்கிற மனிதரைக் கையைக் காலைக் கட்டியா தூக்கிக்கொண்டு போக முடியும்? டாக்டரம்மா திரும்பத் திரும்ப வந்து எடுத்துச் சொன்னார். பகல் முழுக்க அப்படியே போயிற்று.

சாயங்காலம் பித்தப்பை உள்ளுக்குள்ளேயே வெடித்துவிட்டது. “சரிம்மா... கையாலயே எடு” என்று அவர் குழறியதும், டாக்டரம்மா கட்டிலைத் தானே தள்ளிக்கொண்டு ஓடினார். ஆபரேசனில் ஒரு குறையும் இல்லை. ஆனால் விஷம் அதற்கு முன்பே ரத்தத்தில் கலந்திருந்தது. இரண்டாம் நாள் அண்ணாச்சி போய்விட்டார்.

கருமாதி முடிந்த அன்று மதினி கேட்டார். “அவுக மேல கோவமா தம்பி?”

“ஆமா மதினி.”

“எனக்கும்தான்.”

அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. தீர்ந்துவிட்டால் அண்ணாச்சி நிஜமாகவே போய்விடுவாரே என்று, தீரவிடாமல் வைத்திருக்கிறேன்.