ஜீன் மகானும் இரட்டைச் சகோதரிகளும்

மரச்சாமான் கடை மாடியில் ஜீன் மகான் வந்து இறங்கியிருந்தார். மூட்டு வீக்கமா, முகத்தில் சிவப்பா, முடி கொத்துக் கொத்தாக உதிர்கிறதா? ஒரு சொட்டு எச்சில் போதும். அவருடைய பெட்டி ஒரே நிமிஷத்தில் ஜீனைப் படித்து, எந்த மூதாதை எந்தப் பாவம் செய்தார் என்று அச்சடித்துக் கொடுத்துவிடும். படிக்கட்டில் கால் வைக்க இடமில்லை. முன்வரிசையில் படித்தவர்கள். ‘ஜீன்’ என்று சேர்த்துச் சொன்னால் சாபம்கூட விஞ்ஞானமாகிவிடுகிறதே!

தையல்காரி அக்காவும் போனாள். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே அவளுடைய விரல் மூட்டுகளைத் தாக்கும் நோய் அவளுக்கு. பெட்டி ‘டிங்’ என்றது.

“ஏழு தலைமுறைக்கு முன்னாடி உங்க பாட்டன் பெத்த தாயைப் பட்டினி போட்டிருக்கார்மா. அந்தப் பாவம் ஜீன்ல ஒட்டிக்கிச்சு. மாத்திரையை நிறுத்திட்டு என் ஜீன் தண்ணியைக் குடிங்க. மாத்திரை போட்டா ஜீன் கோவிச்சுக்கும்.”

ஜீன் கோபித்துக்கொண்டதோ என்னவோ, மூன்றே வாரத்தில் விரல்கள் வீங்கிவிட்டன. கத்தரிக்கோலைப் பிடிக்க முடியாமல் அக்கா அழுதாள்.

தங்கை கொதித்துப் போனாள். அக்காவுக்கு ஐந்து நிமிஷம் இளையவள். அச்சு அசலாக அதே முகம். ஆயிரக்கணக்கான நோயாளிகளின் ஜீன்களைக் கம்ப்யூட்டரில் ஒப்பிட்டு, இந்த நோய் ஏன் வருகிறது என்று தேடுவதுதான் அவள் வேலை.

“எங்க கம்ப்யூட்டர் வருஷக்கணக்கா திணறுது. அவர் பெட்டிக்கு ஒரே நிமிஷமாம்! கிளம்பு, போகலாம்.”

“மகானைச் சோதிக்கக் கூடாதுடி.”

“யாரு சோதிக்கிறா? எச்சில் துப்பத்தானே போறேன்!”

முகக்கவசமும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிய தங்கை, எச்சில் குப்பியை நீட்டினாள். “எனக்கு மூட்டு நோய் வருமா சாமி?”

மகான் அவள் விரல்களை ஓரக்கண்ணால் பார்த்தார். வீக்கம் இல்லை. ‘டிங்!’

“சுத்தமான ஜீன்மா! ஏழு தலைமுறையும் புண்ணியவான்கள். எறும்பைக்கூட மிதிச்சதில்ல.”

தங்கை கவசத்தையும் கண்ணாடியையும் கழற்றினாள். அக்காவை இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினாள். கூட்டம் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தது.

“நாங்க ஒரே கருவுல பிரிஞ்ச இரட்டை. ஜீனும் ஒண்ணு, பாட்டனும் ஒண்ணு. தாயைப் பட்டினி போட்டவர் அக்காவுக்கு மட்டும் எப்படி சாமி பாட்டனானார்?”

மாடியே குலுங்கச் சிரித்தது. ஒரு தபால்காரர் எழுந்து பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு விளக்கு, ஒரு மணி, முன்கூட்டியே அச்சடித்த இரண்டு கட்டுத் தாள்: பாவம், புண்ணியம். அதற்குள் மகான் பின்பக்கப் படியில் இறங்கி ஓட்டமெடுத்திருந்தார்.

“அப்ப எனக்கு மட்டும் ஏன்டி வந்துச்சு?” என்றாள் அக்கா.

“எத்தனையோ ஜீன் வித்தியாசம் சேர்ந்து ஒருத்தரை நோய்ப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமா தள்ளுது. அது நம்ம ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். ஆனா அது மட்டும் போதாது, வெளியிலேருந்தும் ஏதோ சேரணும். முழுசா இன்னும் தெரியல, தேடிட்டிருக்கோம். பாவம் இல்ல, அது மட்டும் நிச்சயம். முதல்ல டாக்டர்கிட்ட வா.”

மாத்திரை மறுபடி தொடங்கியது. வீக்கம் மெல்ல வடிந்தது.

அடுத்த வாரம் தங்கையின் ஆராய்ச்சிக்கூட வாசலில் ஒரே கூட்டம். முன்னால் நின்றவர் கும்பிட்டார். “அம்மா, நீங்க நிஜமாவே ஜீன் பார்க்கிறவங்களாமே! எங்க பாட்டன் என்ன பாவம் செஞ்சார்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க.”

“ஒரு பாவமும் செய்யலைங்க. நல்ல மூளையைத்தான் கொடுத்துட்டுப் போயிருக்கார். நீங்கதான் இன்னும் உறையைப் பிரிக்காமலே வெச்சிருக்கீங்க!”