எண்ணெய்க் குழாய்க்கு ஒட்டுப்பால்

1943 ஆகஸ்ட் 10, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் இருட்டிலேயே எழுந்தேன். (ஜப்பான்காரர்கள் பிடித்ததிலிருந்து நாடு முழுக்கத் தோக்கியோ நேரம். கடிகாரம் விடிந்துவிட்டதென்று சொல்லும். சூரியனுக்கு அந்தத் தகவல் போயிருக்காது.) அவித்த மரவள்ளி, சீனி போடாத காப்பி, பிறகு ஆளெண்ணும் பெரட்டுக் களம். ஜப்பான் சக்கரவர்த்திக்காக எல்லோரும் கிழக்கே பார்த்துக் குனிந்து நிமிர்ந்தோம். ஸ்டோருக்குப் போய்ப் பால் வாளிகளை அடுக்கினேன். லூனாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அதுதான் என் உத்தியோகம்.

ஜப்பான்காரர்கள் போடும் சயாம் ரயில் பாதைக்கு ஆள் ஏற்ற மறுநாள் லாரி வருவதாகப் பேச்சு. முன்பு போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. கைத்தொழில் தெரிந்தவர்களை மட்டும் தோட்டத்திலேயே விட்டுவிடுவார்களாம்.

அந்த நேரம் பார்த்துப் பங்களா சமையற்காரர் முத்தையா அண்ணன் வந்தார்.

"ஜப்பான் ஆபீசரோட வெந்நீர் அடுப்புக்குப் போற மண்ணெண்ணெய்க் குழாய் ஒழுகுதுடா. பைப்பு வேலை தெரிஞ்சவன் எவனாச்சும் இருக்கானா?"

"நான் இருக்கேனே, அண்ணே!"

"நீயா? நீ சைக்கிள் டியூபுக்கில்ல பஞ்சர் ஒட்டுவே?"

"காத்தையே நிறுத்துறவனுக்கு எண்ணெய நிறுத்தத் தெரியாதா லா?"

பங்களாவின் பின்சுவரை ஒட்டி மேடையில் எண்ணெய்ப் பீப்பாய். அதற்குக் கீழே முதல் இணைப்பில்தான் ஒழுகல். குழாய் முனையின் திருகு வரியில், அதாவது மரையில், சணல் நூலைச் சுற்றிப் பசை தடவ வேண்டும். சணலும் பசையும் சண்டையோடு காணாமல் போயிருந்தன. நான் கவலைப்படவில்லை. கூரை ஒழுகினாலும் செருப்பு வாய் பிளந்தாலும் எங்கள் தோட்டத்தில் ஒரே மருந்து ரப்பர்தான். மரப்பட்டையில் காய்ந்து தொங்கும் ஒட்டுப்பாலை உரித்து மரையில் சுற்றினேன். மேலே புதுப் பாலை ஊற்றிக் கையால் வழித்துவிட்டேன். கல்யாணப் பலகாரம் போல மினுமினுத்தது. ஒரு சொட்டு இல்லை. ஆபீசர் தட்டிப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு சிகரெட் கொடுத்தார். (நான் சிகரெட் பிடிப்பதில்லை. ஆனாலும் காதில் சொருகிக்கொண்டு தோட்டத்தை ஒரு சுற்று வந்தேன்.)

மண்ணெண்ணெயில் ரப்பர் ஊறிக் கரையும் என்பது ரப்பர் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியாது.

சாயங்காலம் ஆபீசர் உடம்பெல்லாம் நுரை பூசிக்கொண்ட நேரம் அடுப்பு அணைந்தது. குழாயில் பச்சைத் தண்ணீர் வந்தது. இடுப்புத் துண்டும் கையில் சவுக்காரக் கட்டியுமாகப் பின்பக்கம் ஓடிவந்தவர், என் கைவண்ணம் கரைந்து வழிந்து கிடந்த கரும்பிசினில் கால் வைத்தார். கால் வந்தது, செருப்பு வரவில்லை.

அதற்குள் முத்தையா அண்ணன் இழுத்துவந்திருந்த என் கன்னத்தில் ஓர் அறை. பிறகு ஆபீசர் கத்தியதை அண்ணன் மொழிபெயர்த்தார்: "காலையில ஒரு சொட்டு ஒழுகினாலும் உன்னைத்தான் லாரியில முதல்ல ஏத்துவாராம்."

பீப்பாய்த் திருகை அடைத்தேன். பிசினைச் சுரண்டினேன். வேட்டி ஓரத்தைப் பிரித்து நூலெடுத்து மரையில் சுற்றினேன். பசைக்கு? எட்டும் தூரத்தில் பிசையக்கூடியதாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதை ஆபீசர் கையிலிருந்தே பிடுங்கி, நூல்மேல் அப்பி முறுக்கினேன். அவர் திகைப்பில் இரண்டாவது அறையை மறந்துவிட்டார். (சவுக்காரம் எண்ணெயில் கரையாது என்று பின்னாளில் ஒரு மெக்கானிக் சொன்னார். அன்றைக்கு அது அறிவல்ல, பயம்.)

வீட்டில் என் மனைவி செல்லம்மா கிழிந்த வேட்டியையும் சிவந்த கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "நாம சவுக்காரத்தைக் கண்ணால பார்த்து எத்தனை மாசமாச்சு! அதைப் போயி பைப்புக்குத் தேச்சிட்டு வந்திருக்கீங்களே. எனக்கு ஒரு துண்டு கிள்ளிட்டு வரத் தோணுச்சா?" என்றாள். சொல்லிவிட்டுத்தான் அழுதாள்.

இன்றும் எங்கள் வீட்டில் எது ஒழுகினாலும் என் மகள் குரல் கொடுப்பாள்: "அம்மா, சோப்பை ஒளிச்சு வை, அப்பா வர்றாரு!"

மறுநாள் காலை, பெரட்டுக்கு முன்னால், முதல் வேலையாகப் பங்களாவின் பின்பக்கம் போனேன். இணைப்பின் அடியில் விரலை வைத்துத் தடவினேன். காய்ந்திருந்தது. கிழக்கு எந்தப் பக்கம் என்றுகூடப் பார்க்காமல் அந்தக் குழாய்க்கு முன்னால் குனிந்து நிமிர்ந்தேன்.