ஓசைப்படாத காலணி

ஒஸ்மோ கெட்டுனென் ஐம்பத்தாறு வயதினர். பின்லாந்தின் குவோப்பியோ நகர நிலஅளவை அலுவலகத்தில் வரைபடங்களைக் காத்துவந்தார். வீட்டைவிட்டுப் புறப்படுமுன் கதவின் பார்வைத் துளையில் கண்ணை வைத்து, படிக்கட்டில் எவரும் இல்லை என்று உறுதிசெய்துகொள்வது அவர் வழக்கம். எவரேனும் இறங்கும் ஓசை கேட்டால், அது அடங்கும்வரை தொப்பியும் மேலங்கியுமாகக் கதவுக்குப் பின்னால் நிற்பார். இதனை அச்சம் என்று கருதலாகாது. மின்தூக்கியற்ற அந்த நான்கு மாடிக் கட்டடத்தில் அதுவே நாகரிகம்.

அத்தகையவரிடம் மருத்துவர் சொன்னார்: "தினமும் காலையில ஓடுங்க. மூணு மாசத்துல ரத்த அழுத்தம் இறங்கலேன்னா ஆயுசுக்கும் மாத்திரைதான்."

ஒஸ்மோ காலணிக் கடைக்குச் சென்றார். விற்பனையாளர் யூசோ அவரை நாலடி ஓடவிட்டுப் பார்த்தார்.

"பாதம் உள்பக்கமா சாயுது சார். எங்க ஓடப்போறீங்க?"

"ஏரிக்கரையில. சரளைக்கல் பாதை."

"அப்ப இதுதான். அடிப்பாகம் கெட்டி, ஈரத்துல வழுக்காது."

பாதம், சரளை, மழை ஆகிய மூன்றையும் இருவரும் கவனமாக ஆராய்ந்தனர். படிக்கட்டை இருவருமே மறந்தனர்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு முதற்படியில் கால்வைத்ததும் காலணி கீச்சிட்டது. மெருகேற்றிய கற்படிகள் எழுபத்திரண்டு, கீச்சொலிகளும் எழுபத்திரண்டு. ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினார். படிக்கட்டில் ஒருவர்கூட எதிர்ப்படவில்லை. அத்தனை பேரும் கோபத்தில் இருக்கிறார்கள் என்று எண்ணி வருந்தினார்.

எட்டாம் நாள் காலணியின் அடியில் முகப்பவுடரைத் தூவினார். ஓசை பாதியாகக் குறைந்தது. ஆனால் ஓடிவிட்டுத் திரும்பியபோது, அவர் கதவிலிருந்து தெருவாசல்வரை வெள்ளைக் காலடிகள் வரிசையாகக் கிடந்தன. அவற்றை முழந்தாளிட்டுத் துடைத்ததில் அலுவலகத்திற்குத் தாமதமாயிற்று.

அதற்கடுத்த நாள் காலணியின்மேல் கம்பளிக் காலுறைகளை மாட்டிக்கொண்டார். ஓசை அறவே இல்லை, பிடிப்பும் இல்லை. மூன்றாம் மாடியிலிருந்து ஒன்பது படிகளை உட்கார்ந்தவாறே கடந்தார். இரண்டாம் மாடியில் ஒரு கதவு திறந்தது. பதினோராண்டுகளாக அங்கு வசித்தும் அவருடன் ஒரு சொல்லும் பேசியிராத மிர்யா துவோவிலா எட்டிப்பார்த்தார்.

"அடி பட்டுச்சா?"

"இல்லீங்க."

"இன்னிக்குக் காத்து ஜாஸ்தி."

"ஆமாங்க."

இருவரும் களைத்துப்போயினர்.

ஒஸ்மோ மீண்டும் கடைக்குப் போனார்.

"சத்தமே வராத ஷூ ஒண்ணு வேணும்."

"ஏன் சார், எங்கயாவது சுவரேறிக் குதிக்கப் போறீங்களா?"

ஒஸ்மோ சிரிக்கவில்லை.

"மெத்துன்னு ஒண்ணு இருக்கு," என்றார் யூசோ. "ஆனா உங்க பாதத்துக்கு ஆகாது. முட்டி வலிச்சா என்னைத் திட்டக்கூடாது."

"முட்டி என்னுதுதானே?"

புதிய காலணி பூனையைப் போல் இறங்கிற்று. முட்டி வலித்தது, பொறுத்துக்கொண்டார். விந்தை யாதெனில், அந்த வாரம் படிக்கட்டு திரும்புமிடமெல்லாம் எவரேனும் எதிரே நின்றனர். திங்களன்று முதல் மாடித் தம்பதியர். புதனன்று குப்பைப் பையுடன் மிர்யா. வெள்ளியன்று மறுபடியும் மிர்யா. ஒவ்வொரு முறையும் வானிலையைப் பற்றி ஏதேனும் சொல்லவேண்டியிருந்தது.

சனிக்கிழமை கீழ்த்தளப் பலகையில் பெயரில்லாத ஓர் அறிவிப்புத் தொங்கிற்று: 'காலை ஆறு மணிக்கு ஓடச் செல்பவரின் காலணி குறித்துச் செவ்வாய்க்கிழமைக் குடியிருப்போர் கூட்டத்தில் பேசப்படும்.'

செவ்வாயன்று எல்லோரும் காப்பிக் கோப்பைகளுடன் அமர்ந்திருக்க, ஒஸ்மோ எழுந்து நின்றார்.

"மன்னிச்சுக்குங்க. ஒரு வாரம் கீச்சுக்கீச்சுன்னு எல்லாரையும் எழுப்பிட்டேன். இனிமே ஓடல. மாத்திரையே சாப்பிட்டுக்கறேன்."

அனைவரும் தத்தம் கோப்பையையே நோக்கினர். மிர்யாதான் வாய் திறந்தார்.

"கீச்சுன்னு கேட்டவரைக்கும் நீங்க எந்த மாடியில இருக்கீங்கன்னு தெரிஞ்சுது, வாசலைத் தாண்டற வரைக்கும் கதவுக்குப் பின்னாடி நிம்மதியா நின்னுக்கிட்டிருந்தோம். இப்ப சத்தமில்லாம எதிர்ல வந்து நிக்கறீங்க, தினமும் உங்களோட பேச வேண்டியிருக்கு."

ஒஸ்மோ மீண்டும் அமர்ந்தார்.

"நாளைலேருந்து பழசையே போட்டுக்கறேன்," என்றார்.