பை ஏறிய தோள்

"பாவம், மூணாம் மாடிக்காரர். எங்க போனாலும் பூப்போட்ட பையும் கையுமாத்தான் அலையுறார்!"

படித்திருப்பத்தில் என் காதில் விழுந்தது. கீழ்வீட்டு அம்மாள் போனில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் மாடிக்காரன் நான்தான். பூப்போட்டது என் மகனின் டயப்பர் பை.

எங்கள் வீட்டில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பை யார் தோளிலோ, பிள்ளை அவர் இடுப்பில். அவன் பிறந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை இறகுப்பந்து ஆட்டம் எனக்கு இல்லை என்று ஆகிவிட்டது.

சபதம் செய்தேன். புதுப் பை வாங்குவேன். மனைவியே ஆசைப்பட்டுப் பறித்து மாட்டிக்கொள்ளும் பை!

கடையில் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கறுப்புப் பையைப் பார்த்ததும் பயந்து ஒதுங்கினேன். அது என் தோளுக்குப் பொருந்திவிடும். கடைசியில் ஊதா நிறத்தில் ஒன்று சிக்கியது. தங்கநிற ஜிப். பால்புட்டி சூடு ஆறாமலிருக்கத் தனி அறை. வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் நீட்டினேன்.

"என்ன அழகுங்க! இதை நானே மாட்டிக்கிறேன்."

"உனக்குன்னே தைச்ச மாதிரி இருக்கு."

"ஞாயித்துக்கிழமை நீங்க ஆடப் போங்க. நாங்க ரெண்டு பேரும் கடைத்தெருவுக்குப் போறோம்."

சிரிப்பை அடக்க இருமினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் பையை நிரப்பினாள். நிரப்பினாளா? கொட்டினாள்! கிலுகிலுப்பைக்கு அடியில் டயப்பர். பால்புட்டிக்குக் குல்லாயாக ஒற்றைச் சாக்ஸ். நான் கிடங்குக் கண்காணிப்பாளன். ஆணியோடு திருகாணி கலந்தாலே எனக்குச் சோறு இறங்காது. உட்கார்ந்தேன். எழுந்தேன். ஜன்னலைப் பார்த்தேன். பையைப் பார்த்தேன்.

"என்னங்க, அப்படிப் பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல... அந்த டயப்பரை மட்டும்..."

"உங்களுக்கு ஏன் சிரமம்? கிடந்துட்டுப் போகுது."

கிடந்துவிட்டுப் போவதா! பையைக் கவிழ்த்து, ஒவ்வொன்றையும் அதனதன் அறையில் அடுக்கிய பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

ஞாயிறு காலை. ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளை தன் வேலையைக் காட்டிவிட்டான். மனைவி ஒவ்வொரு ஜிப்பாகத் திறந்தாள்.

"டயப்பர் எங்கங்க?"

"முதுகுப் பக்கம்."

"துடைக்கிற வைப்ஸ்?"

"இடது பக்கம், உள்ஜிப்."

"க்ரீம்?"

"அதுக்குப் பின்னால... விடு, நானே எடுக்கிறேன்."

எடுத்தேன். துடைத்தேன். மாற்றினேன். நிமிர்ந்தபோது பை என் தோளில் ஏறியிருந்தது. வார் என் அகலத்துக்கு ஏற்கெனவே நீட்டப்பட்டிருந்தது.

"வழியில ஒண்ணு வேணும்னா நான் எங்க தேடுவேன்? அடுக்கினவர்கிட்ட இருக்கிறதுதாங்க பிள்ளைக்கு நல்லது."

"அடியே, என் ஆட்டம்? நாலாவது ஆள் இல்லாம கூட ஆடுறவங்க கையைப் பிசைஞ்சுக்கிட்டு நிப்பாங்க!"

"அதுவும் நியாயம்தான்."

கூந்தலைத் தூக்கி முடிந்தாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கினாள். என் மட்டையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.