உயரக் கருவிக்கு ஒரு பொட்டு

பதவி உயர்வு வந்தால் சிலர் இனிப்பு வாங்குவார்கள். நான் ஆள் மாறிவிட்டதோ என்று விசாரித்தேன். எங்கள் பம்ப் கம்பெனியில், கணக்குப் பிரிவில், இன்னொரு கவிதா உண்டு. தரப்பிரிவுத் தலைமை அவளுக்குப் போக வேண்டியதாக இருக்கலாமே. (அவள் பம்பைத் தொட்டதுகூட இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.)

நான் படித்தது இன்ஜினியரிங். மகள் பிறந்ததும் வேலையை விட்டு, அவள் பள்ளிக்குப் போனதும் அன்னூர் சாலையில் உள்ள இந்தக் கம்பெனியில் சேர்ந்தவள். வருடக்கணக்காக அளந்த கைதான். ஆனாலும் தனி அறை கொடுத்த நாளிலிருந்து, யாராவது கதவைத் தட்டி, "ஏனுங்க, உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதாமுங்க?" என்று மரியாதையாகக் கேட்டுவிடுவார்களோ என்று காத்துக்கொண்டிருந்தேன்.

இந்த லட்சணத்தில், பெங்களூரில் புது வேலைக்குப் போன மகள் தினமும் போனில் அழுவாள்.

"எல்லாருக்கும் எல்லாம் தெரியுதும்மா. நான் மட்டுந்தான் தெரிஞ்ச மாதிரி நடிக்கறேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு, தைரியமா இரு" என்பேன். போனை வைத்துவிட்டு என் பங்குக்கு ஒரு மூச்சு அழுவேன்.

அந்த வருடம் ஆயுத பூஜை முடிந்ததுமே ஒரு பெரிய வாடிக்கையாளர் ஆய்வுக்கு வருவதாக இருந்தது. அந்த ஆர்டர் கிடைத்தால்தான் புது ஷெட். கிடைக்காவிட்டால் என் வேஷம் கலைந்துவிடும் என்பது என் கணக்கு. என் அறிவை நம்ப முடியாததால் சாமியை நம்பினேன். சந்தனக் கிண்ணத்தோடு சோதனை அறைக்குள் புகுந்து, ஸ்பேனர் முதல் ஏசி ரிமோட் வரை பொட்டு வைத்தேன்.

"போதுங்க மேடம், ஃபேனுக்கு எட்டாதுங்க" என்றார் சூப்பர்வைசர் செந்தில்.

"ஸ்டூல் எடுத்துட்டு வாங்க செந்தில்."

பாகங்களின் உயரத்தை அளக்கும் கருவி ஒன்று கருங்கல் மேடைமேல் நிற்கும். அது நிற்கிற இடத்துக்கும் அருள் வேண்டாமா? தூக்கி, அடியில் தாராளமாகச் சந்தனம் அப்பி, குங்குமமும் வைத்து, மறுபடி நிறுத்திவைத்தேன். விடுமுறை முடிந்து வந்தவர்கள் கண்ணில் பட்டு, கைக்கும் எட்டிய பொட்டையெல்லாம் துடைத்தார்கள். கருவிக்கு அடியில் யார் பார்ப்பார்கள்?

ஆய்வுக்கு வந்தவர் சிரிக்காத மனிதர். பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அளந்தேன். உயரம் குறைவு. இன்னொன்று. அதுவும் குறைவு. நான்காவதும் அப்படியே ஆனபோது முதலாளி மெதுவாக, "பாத்துக்கலாங்க அம்மணி" என்றார். (கொங்கு நாட்டில் இதைவிடப் பெரிய வசவு கிடையாது.)

மனதுக்குள் ராஜினாமாவின் இரண்டாவது பத்தியில் இருந்தேன். அப்போதுதான் ஒரு குரல் கேட்டது.

"ஒரு நிமிஷங்க சார். நாலும் தப்புன்னா நாலு விதமாத் தப்பாகணுங்க. எல்லாமே ஒரே அளவு குறையுதுன்னா, தப்பு பீஸ்ல இல்லீங்க. அளக்கறதுல இருக்குதுங்க."

இவ்வளவு தெளிவாகப் பேசுவது யார் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. பேசியது நான்தான்.

கருவியைத் தூக்கினேன். அடியில் வறட்டிபோல் காய்ந்த சந்தனம், நடுவில் அழகாகக் குங்குமம்.

"யாருங்க இத வெச்சது?" என்றார் முதலாளி.

செந்தில் ஃபேனை அண்ணாந்து பார்த்தார். அதன் மூன்று இறக்கைகளிலும் பொட்டு. "நான்தானுங்க" என்றேன்.

வந்தவர் முதல்முறையாகச் சிரித்தார். "வெச்சதும் இவங்க, கண்டுபிடிச்சதும் இவங்களா?"

"ரெண்டுக்கும் வேற ஆளில்லீங்க சார்" என்றேன். சுரண்டித் துடைத்து மறுபடி அளந்தோம். எல்லாம் சரியாக இருந்தன. ஆர்டரும் வந்தது.

மாலையில் மகளிடம் சொன்னேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு அன்றுதான் சிரித்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப நீயும் பயந்துட்டேதான் இருந்தியாம்மா?"

"இப்பவும்தான் கண்ணு."

உண்மைதான். ஆனால் கணக்குப் பிரிவு கவிதாவைப் பற்றி இப்போது விசாரிப்பதில்லை. ஆயுத பூஜையன்று செந்தில் கிண்ணத்தை ஒளித்துவைத்துவிட்டு, "மேடத்துக்குப் பொரி மட்டும் குடுங்க" என்கிறார். மகள் அழுவதை நிறுத்திவிட்டாள். ஆபீசில் ஏதாவது சொதப்பினால் மட்டும் கூப்பிடுவாள்.

"அம்மா, நல்லாத் தூக்கிப் பாத்துட்டேன். அடியில சந்தனம் இல்ல. இது என் தப்பேதான்."