வெல்டர் மாட்டிய பெரிய திரை

முதலில் வம்புக்கு வந்தது மச்சினன்தான். அது எல்லோருக்கும் தெரிய வேண்டும். சொந்தபந்தம் நிறைந்த கூடத்தில், "அத்தானுக்கு சுவிட்சைப் போடத் தெரியும், அணைக்க அக்காதான் வரணும்" என்றான். கூடமே சிரித்தது. அவன் வாயால் மன்னிப்புக் கேட்கும்வரை பேச்சில்லை என்று வெல்டர் அன்றே முடிவு கட்டினார்.

சங்கடம் என்னவென்றால், வீட்டு லேப்டாப் அவன் கொடுத்தது. உள்ளே எல்லோரும் வைத்திருக்கும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டிருந்தான். கோளாறென்றால் தெருவில் ஒருவருக்கும் புரியாது. அவனைத்தான் கூப்பிட வேண்டும். இப்போது பெரிய மானிட்டர் வேறு வாங்கியாயிற்று. தானே மாட்டிவிட்டால் மானம் பிழைக்கும்.

கேபிளைச் செருகினார். படம் வந்தது. அதோடு விட்டிருக்கலாம். எழுத்து பெரிதாகட்டும் என்று செட்டிங்ஸில் எதையோ தட்டினார். பெரிய திரையில் படம் தலைகீழாக நின்றது.

"ஏங்க, கொஞ்சம் அதை..." என்றாள் மனைவி, துணி மடித்தபடி.

"நீ பேசாத. இரும்பையே வளைச்ச கை இது!"

மானிட்டரை அலாக்காகத் தூக்கித் தலைகீழாகப் பிடித்தார். படம் நேரானது. பெருமையாக மனைவியைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துப் படம் தானாகப் புரண்டது.

"இனி நீங்களும் தலைகீழா நின்னா சரியாயிடும்."

பல்லைக் கடித்துக்கொண்டு மானிட்டரை இறக்கினார். மறுபடி எதையோ தட்டினார். இரண்டு திரையும் இருண்டுபோயின.

"தம்பிக்குப் போன் போடட்டுமா?"

"செத்தாலும் கிடையாது!"

"நான் சரிபண்ணிட்டா?"

"நீயா? பண்ணு பாப்போம். பண்ணிட்டா நானே அவனுக்குப் போன் போடறேன்."

"பேச்சு மாற மாட்டீங்களே?"

"நான் வெச்ச வெல்டிங்கே விட்டதில்ல. வார்த்தையா விடும்?"

அவள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். ஒரு பட்டனைக்கூடத் தொடவில்லை. தலையணை உறை ஒன்றை நிதானமாக மடித்தாள். மடித்து முடிப்பதற்குள் இரண்டு திரையும் பளிச்சென்று எரிந்தன.

வெல்டர் வாயைப் பிளந்தார். "என்னடி மாயம் பண்ணின?"

"ஒண்ணுமே பண்ணல. நீங்க மானிட்டரைத் தூக்கிட்டு நின்னப்ப லேப்டாப்புல எழுதிக் காட்டுச்சு. சும்மா விட்டா தானா பழையபடி வந்துடுமாம். சும்மா இருக்கறதுதான் உங்களுக்கு வராதே!"

சொல்லிக்கொண்டே நம்பரைப் போட்டுப் போனை நீட்டினாள்.

வெல்டர் தொண்டையைக் கனைத்தார். போன் போடுவதாகத்தானே சொன்னோம். பேச வேண்டியது அவன், மன்னிப்புக் கேட்க வேண்டியதும் அவன். விறைப்பாக "ம்" என்றார்.

"அத்தான்! மானிட்டர் வாங்கினப்பவே அக்கா சொல்லிட்டா, நீங்க மன்னிப்புக் கேக்கப் போன் பண்ணுவீங்கன்னு. விடுங்க அத்தான், நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்!"