தங்க மீனும் கடல் சித்தரும்

மோகனூர் ரோட்டில் கடல் பொங்கிவிட்டது! எங்கிருந்து என்கிறீர்களா? டிவிக்குள்ளிருந்துதான். கொள்ளைக்காரர்களின் கப்பலில் நின்று தூண்டில் போடும் வீடியோ கேம் அது. அதில் யாருக்கும் சிக்காத தங்க மீனைச் சிக்க வைக்கிறாராம் ஒரு மகான். பெயர் கடல் சித்தர் கௌதமன். பக்கத்துக் காவிரியில் துள்ளும் நிஜ மீனை யாரும் சீந்தவில்லை.

அவருடைய கேம் சென்டர் வாசலில் திருவிழாக் கூட்டம். காலேஜ் பையன்கள், கோழிப்பண்ணைக்காரர்கள், எல்லோருக்கும் முன்னால் அடியேன். லாரிக்குப் பாடி கட்டுகிறவன். படித்தவன் வேறு!

"எங்கையில மட்டும் நூல் அறுந்துபோகுதுங்க சாமி" என்றேன்.

சித்தர் கண்ணை மூடினார். "தோஷம். ராகு காலத்துல தூண்டில் போடாதீங்க. மீன் கடிச்சதும் கையை அசைக்காம நான் சொல்லித் தர்ற மந்திரத்தை முழுசாச் சொல்லிட்டுச் சுத்துங்க. தங்க மீனுக்குத் தனித் தீட்சை. ஊட்டுக்காரம்மா மோதிரத்தைக் கொண்டாந்து பாதத்துல வையுங்க."

மறுநாளே கொண்டுபோனேன். என் மனைவி மதுமதி குளிக்கப் போகையில் கழற்றி வைத்த கல்யாண மோதிரம். அதோடு விட்டேனா? புது லாரிக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்போமே, அந்தப் புத்தியில் கேம் கண்ட்ரோலரின் அடியிலும் ஒன்றை வைத்து நசுக்கினேன். சாறு இறங்கி பட்டனெல்லாம் ஒட்டிக்கொண்டது. "கடலம்மா இறங்கிட்டா!" என்றார் சித்தர். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நானும்தான்.

மோதிரம் பாதத்தைத் தொடப்போகிற நேரம் மதுமதி வந்து நின்றாள்.

"ஏனுங்க, மந்திரமில்லாம மீன் வராதுங்களா?"

"வராதும்மா. அதுவும் இப்ப ராகு காலம்" என்றார் சித்தர்.

"அப்ப இப்பவே பாத்துருவோமுங்க."

வேறொரு கண்ட்ரோலரை வாங்கினாள். புழுவை மாட்டித் தூண்டில் போட்டாள். மீன் கடித்துத் துள்ளியது. கையை அசைக்காமல், மந்திரத்துக்குப் பதில் என்னைத் திட்டினாள். "எங்கம்மா போட்ட மோதிரத்தைத் தூக்கிட்டு வர உங்களுக்கு வெக்கமா இல்லீங்களா?" என்று ஆரம்பித்து என் பரம்பரை முழுக்கப் போய் வந்தாள். அதற்குள் மீன் களைத்துப்போனது. சரசரவென்று சுற்றினாள். கப்பலுக்குள் வந்து விழுந்தது!

"துள்ளுறப்பச் சுத்துனா நூல் அறுந்துரும். அடங்குனப்புறம் சுத்துனா வரும். மந்திரம் முடியறதுக்குள்ள அது அடங்கிருது, அவ்வளவுதானுங்க" என்றவள் சித்தர் பக்கம் திரும்பினாள். "தங்க மீனை நீங்களே ஒருக்காப் புடிச்சுக் காட்டுங்க. மோதிரம் உங்களுக்கே."

சித்தர் சட்டென்று காலண்டரைப் பார்த்தார். "இன்னைக்கு அமாவாசைம்மா. மீனைத் தொடமாட்டேன்."

"டிவி மீனுக்கு என்னய்யா அமாவாசை!" என்று கூட்டம் கத்தியது. சித்தர் பின்வாசல் வழியாக ஓட்டம் பிடித்தார்.

புத்தி வந்துவிட்டது என்கிறீர்களா? ஒரு கோழிப்பண்ணைக்காரர் கைகூப்பினார். "அம்மணி, அந்தத் திட்டை ஒருக்கா மெதுவாச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்." நான் அதற்குள் செல்போனில் ரெக்கார்ட் பண்ணத் தயாராகியிருந்தேன்.

மதுமதி மோதிரத்தை விரலில் போட்டுக்கொண்டு எங்களை ஒரு பார்வை பார்த்தாள்.

"டிவிக்குள்ள இருக்கற மீனே புழு இருந்தாத்தான் கடிக்குது. நீங்க வெறுங்கொக்கியைக் கடிக்கறீங்க. கொஞ்சம் யோசிங்க சாமிகளா!"